காதுக்குள் என்ன நடக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சளி பிடித்தால் காதும் ஏன் அடைத்துக்கொள்கிறது?
செவிப்பறைச் சவ்வுக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு யூஸ்டேஷியன் குழாய் போகிறது. எச்சில் விழுங்கும்போது அது திறந்து, நடுக்காதுக்குள் காற்றை விடும். சளியில் குழாய் வீங்கினால் காற்று போகாது, சவ்வு உள்ளே இழுபடும். குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டை, சாய்வும் குறைவு. அதனால்தான் அவர்களுக்கு அடிக்கடி காதுவலி. மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள்.

வாரம் ஒருமுறை பட்ஸ் போடுகிறேன். பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் விடுகிறேன். ஆனாலும் அரிக்கிறது. எந்த எண்ணெய் நல்லது?
எந்த எண்ணெயும் வேண்டாம். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரமே இதே கேள்வி வருகிறது. குறும்பி அழுக்கு இல்லை. காதுக் குழாயின் வெளிப்பகுதியில் மட்டும் சுரந்து, தோலை வறண்டுபோகாமல் காத்து, கிருமியையும் தடுக்கிறது. குழாயின் தோல் சவ்விலிருந்து வெளிப்பக்கமாகத் தானாகவே மெல்ல நகரும். குறும்பியும் அதோடு வெளியே வந்துவிடும். பட்ஸ் போட்டால் வெளியே வரவேண்டியதை உள்ளே தள்ளி, கெட்டியாக்கிவிடுகிறீர்கள். குழாயின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். அதன் முடிவில் 0.1 மில்லிமீட்டர் தடிமனில் சவ்வு. குடையும்போது யாராவது கையைத் தட்டிவிட்டால் போச்சு.

எண்ணெய் விட்ட காது ஈரமாகவே கிடக்கும், பூஞ்சை பிடிக்கும். அந்த அரிப்புக்கு மறுபடி எண்ணெய் விட்டால் அரிப்பு எப்படி நிற்கும்? சூட்டில் தோல் வெந்து வருகிறவர்களும் உண்டு. பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். காதுக்குள் பூச்சி போய்விட்டால் மட்டும், சவ்வில் ஓட்டை இல்லாதவர்கள் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு அதை அடக்கிவிட்டு டாக்டரிடம் போகலாம்.

சவ்வில் ஓட்டை என்கிறார்கள், ஆனால் எனக்குக் கேட்கிறதே?
கேட்கும், குறைவாக. உள்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தில் பட்டால் பெரும்பகுதி திரும்பிவிடும். சவ்வும் அதையொட்டிய மூன்று குட்டி எலும்புகளும் அழுத்தத்தைச் சுமார் 20 மடங்கு கூட்டி உள்ளே அனுப்புகின்றன. ஓட்டை இருந்தால் அந்த பலம் குறையும், தண்ணீர் புகுந்து சீழும் வரும். நாற்றத்தோடு சீழ் வடிந்தால் எலும்பு அரிக்கிறதோ என்று உடனே பார்க்கவேண்டும். எண்ணெய் விடவே கூடாது.

அப்பாவுக்கு 68 வயது. சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை என்கிறார்.
சரியாகத்தான் சொல்கிறார். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் நுழைவாயில் பகுதி கீச்சொலிகளை வாங்குகிறது. வயதாக ஆக முதலில் தேய்வது அதுதான். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்யொலிகள் மங்கிப்போகும், உயிரொலிகள் மட்டும் தெளிவாகக் கேட்கும். ஒரு காதில் ஒலியை உணரும் முடிச் செல்கள் சுமார் 15,000; செத்தவை திரும்ப முளைக்காது. கத்திப் பேசாமல், முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்ற சோதனை) எடுத்துவிட்டுக் காது மிஷின் வாங்குங்கள், விளம்பரம் பார்த்து வேண்டாம்.

என் குரலைப் பதிவில் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறதே?
நீங்கள் பேசும்போது மண்டையோட்டு எலும்பு வழியாகவும் ஒலி உள்காதுக்குப் போகிறது. பதிவில் அது கிடையாது.

காது கேட்கவில்லை. மருந்து சொல்லவும்.
எந்தக் காது, எத்தனை நாளாக, வயது என்ன? ஒன்றுமே எழுதவில்லை. ஒரே இரவில் ஒரு காது மட்டும் கேட்காமல் போயிருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் நல்ல பலன். ‘குறும்பியாக இருக்கும்’ என்று எண்ணெய் விட்டுக் காத்திருந்தே பலர் அந்த நாட்களை இழக்கிறார்கள்.

ஹெட்போனில் எவ்வளவு சத்தம் தாங்கும்?
சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 100க்குக் கால் மணி. கழற்றிய பிறகு ‘ஙொய்’ என்று இரைந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.