1948ல ஹைதராபாத்த இந்தியாவோட சேர்த்தத அங்க இருந்த சாதாரண ஜனங்க எப்படி ஞாபகம் வச்சிருக்காங்க?

புக்ல பாத்தா சிம்பிள். செப்டம்பர் 13 ராணுவம் உள்ள போச்சு, 17 ஹைதராபாத் ராஜா நிஜாம் சண்டைய நிறுத்தியாச்சுன்னு ரேடியோல சொன்னாரு, 18 அவரோட தளபதி எல் எட்ரூஸ் மேஜர் ஜெனரல் சௌத்ரிகிட்ட சரணடைஞ்சாரு, பேரு போலீஸ் ஆக்‌ஷன். நான் வேலைக்காக செகந்திராபாத்ல ரொம்ப வருஷம் இருந்தவன், அங்க எந்தப் பெரியவரும் இந்தக் கதைய 13ஆம் தேதில ஆரம்பிச்சு நான் கேட்டதில்ல.

தெலங்கானா கிராமத்து ஆளுங்க ரஜாக்கர்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. இந்தியாவோட சேரக்கூடாதுன்னு நிஜாம் பக்கம் நின்ன காசிம் ரஜ்வியோட தனிப்படை. ராத்திரி லாரி சத்தம் கேட்டாலே புள்ளைங்கள தூக்கிட்டு சோளக்காட்டுல போய் படுத்துக்குவாங்களாம். ஆகஸ்ட் 27 பைரான்பள்ளில ஊர்க்காரங்க கொத்தளத்து மேல ஏறி நின்னு திருப்பி அடிச்சாங்க, கடைசில ஊருக்குள்ள பூந்து நிக்க வச்சு சுட்டானுங்க, அந்த கொத்தளம் இன்னும் நிக்குது. அதனால ராணுவம் வந்தப்ப சந்தோஷம்தான், ஆனா அதே ராணுவத்துக்குப் பின்னாடியே ஓடிப்போன தேஷ்முக்குங்களும், அதாவது பெரிய நிலக்காரங்களும், திரும்பி வந்து, கம்யூனிஸ்ட் சங்கம் பிரிச்சுக் குடுத்த நிலத்த புடுங்கிக்கிட்டாங்க, கம்யூனிஸ்ட் வேட்டை 1951 வரைக்கும் நடந்துச்சு. இத சொல்லும்போது அவங்க குரலே மாறிடும்.

என் ஹவுஸ் ஓனர் பாட்டி பீதர் பக்கத்து கிராமம், முஸ்லிம் குடும்பம், அப்ப சின்னப் பொண்ணு. ராணுவம் கடந்து போனதுக்கு அப்புறம்தான் அவங்க ஊர்ல வெட்டு குத்து ஆரம்பிச்சுச்சாம். பக்கத்து வீட்டு லிங்காயத் குடும்பம் இவங்கள தானியக் குதிருக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சு சோறு போட்டுச்சு. அப்புறம் இவங்க அப்பா நிலத்த அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குனதும் அதே குடும்பம்தான். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லுவாங்க, திட்டவும் மாட்டாங்க. கிணத்துல குதிச்ச பொம்பளைங்களப் பத்தி மட்டும் ஒரே ஒரு தடவ சொன்னாங்க, நானும் மேல கேக்கல.

இது பாட்டி கதை மட்டும் இல்லீங்க. நேருவே அனுப்பி வச்ச பண்டிட் சுந்தர்லால் குழு நேர்ல போய் விசாரிச்சு, குறைஞ்சது 27,000ல இருந்து 40,000 பேர் செத்திருக்கலாம்னு எழுதுச்சு, பெரும்பாலும் முஸ்லிம்கள். உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் இந்த நாலு மாவட்டம்தான் ரொம்ப மோசம். அந்த ரிப்போர்ட்ட அப்ப வெளியிடவே இல்ல, பல பத்து வருஷம் அப்படியே கிடந்துச்சு.

வருஷா வருஷம் செப்டம்பர் 17 வந்தா வாட்ஸ்அப்ல படுகொலைன்னு சொல்றவங்க, விடுதலைன்னு கொண்டாடுறவங்கன்னு ரெண்டு கோஷ்டியும் பாதிக் கதைய அனுப்பிட்டு இருப்பாங்க. ஒருத்தனுக்கு பைரான்பள்ளி தெரியாது, இன்னொருத்தனுக்கு பீதர் தெரியாது. இந்தியாவோட சேரணும்னு எழுதுனதுக்காக ரஜாக்கர்கள் கொன்ன இம்ரோஸ் பத்திரிகை எடிட்டர் ஷோயபுல்லா கான் ஒரு முஸ்லிம், அவர ரெண்டு பேருக்குமே வசதியா மறந்துபோகும்.

சிட்டில கேட்டா வேற மாதிரி வரும், அங்க ரத்தம் கம்மி, வேலை போனதுதான் பேச்சு. நிஜாம் படைய கலைச்சாங்க, 1949ல ஜாகிர்தாரி, அதாவது நிஜாம் பிரபுக்களுக்குக் குடுத்திருந்த நில மானியம், போச்சு, அத நம்பி இருந்த சமையல்காரன், காவக்காரன், குமாஸ்தா எல்லாரும் தெருவுக்கு வந்தாங்க, நிஜாம் படைல இருந்த பார்க்கஸ் ஏரியா அரபிங்க உட்பட. அதனால பழைய சிட்டில நாலு பேர்கிட்ட பேசிட்டு பெருசா ஒண்ணும் நடக்கலன்னு எழுதிடாதீங்க, பஸ் ஏறி பீதர், உஸ்மானாபாத் வரைக்கும் போய்க் கேளுங்க.