பொதுப்பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் அண்மையில் எதைச் சாதித்தன?

இந்தக் கேள்விக்கு என் மனத்தில் முதலில் வருவது, பிரிட்டன் அரசின் நிதியுதவியுடன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கோவிட் சிகிச்சைகளைச் சோதிக்க 2020 மார்ச்சில் தொடங்கிய ‘ரெகவரி’ ஆய்வுதான். டெக்ஸாமெத்தசோன் காப்புரிமை முடிந்து பல்லாண்டுகளான மலிவான ஸ்டீராய்டு என்பதால், அதைக் கோவிட் நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதிக்க மருந்து நிறுவனங்களுக்கு வணிக ஆதாயம் ஏதும் இருக்கவில்லை. இந்த ஆய்வில் வழக்கமான சிகிச்சையோடு அதை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாட்கள் கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரிடையே 28 நாட்களுக்குள் 41.4 விழுக்காட்டினர் இறந்தனர்; இம்மருந்தையும் பெற்றோரிடையே அது 29.3 விழுக்காடாக இருந்தது. உயிர் காப்பதில் இவ்வளவு பெரிய வேறுபாடு மருத்துவ ஆய்வுகளில் அரிது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற அந்த அறிவும் எனக்குச் சமமாகவே முக்கியமானது.