மெர்ல் ஓபரான் பிறப்பை ஏன் மறைத்தார்? முகத் தழும்புகள் திரையில் தெரியாதது எப்படி?

இரண்டுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. முதல் கேள்விக்கு அன்றைய சட்டதிட்டமும் நிறவெறியும் காரணம். இரண்டாவதற்குக் காரணம் ஒரு சின்ன விளக்கு.

ஹாலிவுட் நடிகை மெர்ல் 1911 பிப்ரவரி 19 அன்று பம்பாயில் பிறந்தவர். கல்கத்தாவில் வளர்ந்து, பதின்ம வயதின் இறுதியில் லண்டன் போனார். தாய்வழி வேர் இலங்கையில். தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா, எட்டாம் ஹென்றி மன்னர் பற்றிய 1933 படத்தில் அவரை மன்னரின் மனைவி ஆன் பொலினாக நடிக்க வைத்தார். வேடம் சிறியதுதான், ஆனாலும் முகம் மனதில் நின்றது. 'டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்' என்ற கதையும் அந்தக் காலத்தில்தான் பரப்பப்பட்டது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளான ஹேஸ் விதிகள் 1934 முதல் கடுமையாக அமலாயின. வெள்ளையர் கறுப்பர் காதலைத் திரையில் காட்டத் தடை. நடைமுறையில் ஆசியர்களையும் அது கட்டிப்போட்டது. உண்மை வெளிவந்திருந்தால் கதாநாயகி வேடமே கிடைத்திருக்காது. ஆகவே அவரைப் பொய்க்காரி என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல. 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். விருது பெட்டி டேவிஸுக்குப் போனது.

1937இல் கோர்டாவின் 'ஐ, கிளாடியஸ்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது லண்டனில் கார் விபத்து. முகத்தில் காயம். நாயகன் சார்ல்ஸ் லாட்டனின் தடுமாற்றத்தால் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த படம் அத்தோடு கைவிடப்பட்டது. மெர்ல் தேறி வந்து, 1939இல் 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தில் கேத்தியாக நடித்தார்.

விளக்குக்கு வருவோம். 'தி லாட்ஜர்' (1944) படத்தின் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட். அடுத்த ஆண்டு மெர்லை மணந்துகொண்டவரும் இவரே. தழும்பு தெரிவதற்குக் காரணம் அதன் நிறத்தைவிட நிழல்தான். பக்கவாட்டு வெளிச்சத்தில் தோலின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் போடும். பல்லார்ட் ஒரு சிறு விளக்கை லென்ஸை ஒட்டியே பொருத்தினார். பார்வையும் ஒளியும் ஒரே திசையில் போனால், விழும் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கேமராவுக்குத் தெரியாது. 'ஓபி' என்று ஓபரான் பெயராலேயே அந்த விளக்கு இன்றும் வழங்குகிறது.

ஓபியைப் பயன்படுத்துபவர்கள் தடுமாறும் இடங்கள் சில. வெளிச்சம் கூடினால் முகம் தட்டையாகிவிடும். அதனால் முதன்மை விளக்கை அதன் இடத்திலேயே வைத்து, ஓபியை அதைவிட மங்கலாக வைக்க வேண்டும். கேமரா நகரும் ஷாட்டில் சிக்கல் அதிகம். விளக்கும் கூடவே நகர்வதால் தூரம் பாதியானால் வெளிச்சம் 4 மடங்காகும், அதாவது 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). நகர நகரக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். டங்ஸ்டன் பல்பில் மின்சாரத்தைக் குறைத்தால் ஒளி சிவக்கும். கறுப்பு வெள்ளையில் அது பெரிதாக உறுத்தாது, வண்ணப் படத்தில் தோல் நிறம் மாறிவிடும். அங்கே விளக்கின் முன் வலைத்திரையோ மடிப்புத் தடுப்போ வைத்துக் குறைப்பதே சரி. நடிகர் கண்ணாடி அணிந்திருந்தால் ஒளி நேராக லென்ஸுக்கே திரும்பும் அபாயமும் உண்டு.

'தி லாட்ஜர்' கிடைத்தால், நெருக்கக் காட்சிகளில் அவர் கண்களைக் கவனியுங்கள். லென்ஸருகே வைத்த விளக்கின் ஒளிப்புள்ளி கண்மணியின் நடுவையொட்டி விழும். உயரத்தில் வைத்த விளக்கென்றால் புள்ளி மேல் ஓரத்தில் இருக்கும், மூக்கின் கீழே நிழலும் விழும்.