தீனி தொடாத கடல் மீன்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பல, கடல்நீர்த் தொட்டியில் வாய் திறக்க மறுக்கும் மீன்களைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை வாங்கி ஆறு நாள் ஆகிறது. பெல்லட், ஃபிளேக், உறைந்த பிரைன் ஷ்ரிம்ப் எதையும் தொடவில்லை. பாறை இடுக்குகளைக் கொத்திக்கொண்டே சுற்றுகிறது. 400 லிட்டர் தொட்டி. கூடவே ஒரு யெல்லோ டேங், இரண்டு கிளவுன் மீன்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், சென்னை

பாறையைக் கொத்துகிறது என்பது நல்ல செய்தி. பசி இருக்கிறது, நீங்கள் போடுவதுதான் அதற்கு இரையாகத் தெரியவில்லை. அந்தமான் கடல் தொடங்கி ஆஸ்திரேலியா வரை பவளப்பாறைகளின் ஓரம் வாழும் இந்த மீன், நீண்ட மூக்கை இடுக்குகளில் நுழைத்துப் புழுக்களையும் பொடி இறால்களையும் பிடுங்கித் தின்னும். மேலேயிருந்து மிதந்து வரும் உருண்டையை அது உணவாகவே நினைக்காது. இரையை இடுக்கில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டைப் பாருங்கள். முதலாவது உடல். மீன் உங்களை நேராகப் பார்க்கும்போது, கண்ணுக்கு மேலிருந்து முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம் வரை சதை திரண்டு இருக்கிறதா? வயிறு ஒட்டியிருப்பது சில நாள் பட்டினியின் அடையாளம், மீட்டுவிடலாம். தலைக்குப் பின்னால் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் நாள் கடத்தக் கூடாது. இரண்டாவது, யெல்லோ டேங். அது வாலால் அடித்துத் துரத்துகிறதென்றால் எந்த இரையும் பலிக்காது. துளையிட்ட அக்ரிலிக் பெட்டியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, அதில் டேங்கை ஒரு வாரம் அடையுங்கள். பலர் புதிய மீனைப் பெட்டியில் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாறையில் கிடைக்கும் கொஞ்ச இரையும் அதற்கு இல்லாமல் போகும்.

இனி இரை. மீன் சந்தையில் உயிருள்ள மட்டி வாங்குங்கள். வாய் பிளந்து கிடப்பதையும் தட்டினால் மூடாததையும் கழித்துவிட்டு, மற்றவற்றைக் காற்றுக்குழாய் ஓடும் சுத்தமான உப்புநீரில் ஒரு நாள் விட்டால் மணலைக் கக்கிவிடும். ஒன்றை எடுத்து ஓட்டைப் பிளந்து, சதை ஒட்டியிருக்கும் பாதியை இரண்டு பாறைகளுக்கு நடுவில், மீன் வழக்கமாகக் கொத்தும் இடத்தில் செருகி வையுங்கள். சதையில் கத்தியால் நாலைந்து கீறல் போட்டால் நார் நாராக ஆடும். காப்பர்பேண்டின் கண் அதில்தான் விழும். விளக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். அழுகும் மட்டி அம்மோனியாவை ஏற்றும், அம்மோனியா இருக்கிற பசியையும் அடக்கும். நோய்க்கிருமி பயம் இருந்தால் மட்டியை இரண்டு மூன்று நாள் உறையவைத்துக் கொடுக்கலாம். ஆனால் முதல் கொத்துக்குப் பிடிவாதமான மீனை இழுப்பது புதிதாகப் பிளந்த மட்டிதான்.

தினமும் அதே இடம், அதே நேரம். மட்டியைத் தின்னத் தொடங்கி நாலைந்து நாள் கழித்து, உருகவைத்த மைசிஸை (உறையவைத்து விற்கும் இறால் போன்ற சிறு உயிர்) அந்தச் சதையின் மேல் தேய்த்து வையுங்கள். பிறகு சதையைக் குறைத்து மைசிஸைக் கூட்டுங்கள். அடுத்து வெறும் ஓட்டில் மைசிஸ் மட்டும். ஓட்டிலிருந்து உதிரும் மைசிஸை விரட்டிப் பிடிக்கிற நாளில், நீண்ட குழாயால் ஓட்டுக்கு அருகிலேயே கொஞ்சம் தூவுங்கள். இதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஒரு நிலை பிடிபடாமல் அடுத்ததற்குத் தாவினால் மறுபடி முதலிலிருந்துதான்.

மட்டி கிடைக்காத இடத்தில் உயிருள்ள பிளாக்வார்ம் புழு உதவும். நன்னீர்ப் புழு என்பதால் உப்புநீரில் சில நிமிடம்தான் நெளியும். கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டால் மணலுக்குள் புதைந்து சாகாது. சாக்கடை ஓரத்தில் எடுக்கும் டியூபிபெக்ஸ் புழு வேண்டாம். எத்தனை முறை அலசினாலும் அதன் குடலில் உள்ளது போகாது. கடையில் விற்கும் காய்ந்த சென்னாக்கூனியும் உதவாது, காய்ந்து விறைத்த இரையை இந்த வாய் ஏற்காது.

நோய்த் தடுப்புக்காகக் காப்பர் மருந்து போடும் எண்ணம் இருந்தால், மீன் ஒழுங்காகத் தின்னும் வரை தள்ளிப்போடுங்கள். காப்பரும் புழு மருந்தான பிராசிகுவான்டெலும் பசியைக் குறைப்பவை. உடலில் வெல்வெட் நோய் தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. அதற்கு நாலாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் பொரித்த ஆர்ட்டீமியா (பிரைன் ஷ்ரிம்ப்) குஞ்சுகளை மட்டும் மீன் தின்கிறது. அதுவே போதுமா? பொரிக்கும்போது சில நாள் ஒன்றுமே வருவதில்லை.
– வாசகர், திருச்சி

போதாது. ஆனால் தொடக்கத்துக்கு நல்ல இரை. துடித்து நீந்துவதைப் பார்த்து எவ்வளவோ மீன்கள் வாய் திறந்திருக்கின்றன.

பொரிக்கும் முறை: ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாக நிறுத்துங்கள். லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு, ஒரு கிராம் முட்டை. காற்றுக்குழாய் அடிமட்டத்தில் இருந்து, முட்டை எங்கும் தங்காதபடி கொதிக்கிற வேகத்தில் குமிழி எழ வேண்டும். 28 டிகிரியில் 24 மணி நேரம் போதும். குளிர்காலத்தில் 36 வரை ஆகும். முதல் சில மணி நேரமாவது விளக்கு எரியட்டும், முட்டை விழித்துக்கொள்ள வெளிச்சம் தேவை. ஒன்றுமே வராத நாட்களுக்குப் பெரும்பாலும் முட்டைதான் காரணம். டப்பாவைத் திறந்து சமையலறையில் வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பொரித்ததும் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும். அடியில் ஒரு விளக்கைக் காட்டினால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அங்கே கூடும். அடியில் தங்கிய முட்டையை முதலில் கொஞ்சம் வடித்து ஊற்றிவிட்டு, குஞ்சுகளை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டி அலசுங்கள். ஓடு கலந்து போனால் சிறு மீன்களின் குடலில் அடைக்கும்.

குஞ்சின் சத்தெல்லாம் அதன் மஞ்சள் கருவில்தான். பொரித்த சில மணி நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். நேரம் போகப்போக அது தன்னையே தின்று மெலியும். மறுநாளைக்கு வைத்திருப்பதானால் ஊட்டம் ஏற்ற வேண்டும். முதல் தோல் உரித்தபின்தான் அதற்கு வாய் திறக்கும். அதற்குப்பின் மீனெண்ணெய்க் கொழுப்பு கலந்த ஊட்டக் கரைசலில் சில மணி நேரம் நீந்தவிட்டால் வயிறு நிறைய அதை ஏற்றிக்கொள்ளும். தூத்துக்குடி உப்பளங்களில் கிடைக்கும் வளர்ந்த ஆர்ட்டீமியாவையும் இப்படி ஊட்டம் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பெரும்பகுதி தண்ணீர்தான், மீன் தின்றுகொண்டே இளைக்கும்.

கேள்வி: மாண்டரின் மீன் பகலெல்லாம் எதையோ கொத்துகிறது. ஆனாலும் ஒரு மாதத்தில் வயிறு உள்ளே போய்விட்டது. தொட்டி வைத்து மூன்று மாதம்.
– வாசகர், கோயம்புத்தூர்

தொட்டிக்கு வயது போதவில்லை. மாண்டரின் தின்பது கோப்பிபாட் என்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு உயிர்கள். குறுகிய குடல், சின்ன வாய். விழித்திருக்கும் நேரமெல்லாம் தின்றால்தான் உடம்பு நிற்கும். மூன்று மாதத் தொட்டியில் இருந்ததைத் தின்று தீர்த்துவிட்டது. லைவ் ராக் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) நிறைந்து, ஆறு மாதத்துக்கு மேல் ஓடி, சம்பில் (வடிகட்டும் கீழ்த்தொட்டி) கீட்டோ பாசி வளர்க்கும் தனி அறையும் இருந்தால்தான் கோப்பிபாட் பெருகி வந்துகொண்டே இருக்கும். புட்டியில் வாங்கி ஊற்றுவதானால் இரவில், விளக்கும் பம்பும் நின்றபின், பாறை இடுக்கில் ஊற்றுங்கள். பகலில் ஊற்றியதை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

இப்போது மீனைக் காப்பாற்ற: தொட்டிக்குள்ளேயே வலைப்பெட்டியில் அதைத் தனியாக வைத்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஆர்ட்டீமியா குஞ்சு கொடுங்கள். வயிறு திரண்டதும் பொடியாக நறுக்கிய மைசிஸையோ மீன் முட்டைகளையோ அதோடு கலவுங்கள். உயிருள்ளதைக் கொத்தும் வேகத்தில் உயிரில்லாததும் வாய்க்குள் போகும். துப்பினாலும் பரவாயில்லை, தொடருங்கள். பிறகு வெளியே விடும்போது குறுகிய வாயுள்ள சிறு கண்ணாடிக் குப்பியை மணலில் சாய்த்து வைத்து, அதற்குள் குழாயால் இரையைச் செலுத்துங்கள். மாண்டரின் நிதானமாக உள்ளே போய்த் தின்னும். டேங்குகளுக்கும் ராஸ் மீன்களுக்கும் அந்த வாய்க்குள் உடல் நுழையாது.

கேள்வி: நன்றாகத் தின்றுகொண்டிருந்த ஏஞ்சல் மீன் திடீரென்று நிறுத்திவிட்டது. இன்னொன்று வாயில் வாங்கித் துப்புகிறது. பூண்டுச் சாறு கலந்தும் பார்த்தேன்.
– வாசகர், மதுரை

பூண்டின் வாசனை சில மீன்களை இழுக்கும், அவ்வளவுதான். அது மருந்து இல்லை.

தின்றுகொண்டிருந்த மீன் நிறுத்தினால் முதலில் சோதனைக் குப்பியை எடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். உப்புத்தன்மை ஹைட்ரோமீட்டரில் 1.025 அளவில், வெப்பம் 25–27 டிகிரி. கோடையில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி 31, 32 தொடும். சூடான நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு, மீனின் தேவையோ அதிகம். அந்த நாட்களில் பவர்ஹெட்டை (நீரோட்டம் தரும் பம்ப்) மேற்பரப்பு கலங்கும்படி திருப்பி, விசிறியை நீரின் மேல் வீசவிடுங்கள். ஆவியாகும் அளவுக்கு ஆர்ஓ நீர் ஊற்றுங்கள், உப்புநீர் ஊற்றாதீர்கள்.

நீர் சரியாக இருந்தால் மூச்சைக் கவனியுங்கள். செவுள் படபடவென்று அடிக்கிறது, வெளிச்சத்தை வெறுக்கிறது, பம்பின் ஓட்டத்துக்கு முன்னால் போய் நிற்கிறது, உடலில் மெல்லிய தூசு படிந்ததுபோல் தெரிகிறது என்றால் அது வெல்வெட். சில நாட்களில் தொட்டியையே காலி செய்துவிடும். இங்கே இரையை மாற்றிப் பார்க்க நேரமில்லை. எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு மாற்றிக் காப்பர் சிகிச்சையைத் தொடங்குங்கள். மருந்தின் வகையைப் பொறுத்து அளவு மாறும் என்பதால், அட்டையில் உள்ள அளவை அதற்குரிய சோதனைக் கருவியால் தினமும் சரிபாருங்கள். பவளமும் லைவ் ராக்கும் உள்ள தொட்டியில் காப்பரை ஊற்றக் கூடாது.

துப்பும் மீனுக்கு: துண்டு பெரிதா, பெல்லட் கடினமா என்று பாருங்கள். தொட்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். உதட்டில் வலையோ பையோ உரசிய காயம் இருந்தால் ஆறும் வரை மென்மையான இரைதான். வெள்ளை நூல்போலக் கழிவு தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். மீன் கொஞ்சமாவது தின்கிறதென்றால் ஒரு கிராம் இரைக்கு 10 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் கலந்து, ஐந்து நாள் தொடர்ந்து கொடுக்கலாம். மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் அருகில் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கேள்வி: வலையில் சிக்கிய லயன்ஃபிஷ் ஒன்றை வைத்திருக்கிறேன். உயிருள்ள கப்பி மீனைத் தவிர எதையும் தின்பதில்லை.
– வாசகர், இராமநாதபுரம்

கப்பியோ மாலியோ சில வாரத்துக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம். நன்னீர் மீன்களின் கொழுப்பு கடல் மீனுக்கு ஒத்துவராது. தங்கமீன் கொடுக்கவே கூடாது. அதில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயாமினேஸ் இருக்கிறது. நெத்திலி வகைகளிலும் உண்டு என்பதால் அதை மட்டுமே கொடுத்து வளர்க்காதீர்கள்.

மூன்று நாள் பட்டினி போடுங்கள். நல்ல உடம்புள்ள லயன்ஃபிஷ் தாங்கும். பிறகு நீளமான ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குச்சியின் நுனியில் விரல் நகம் அளவு இறால் துண்டைச் செருகி, மாலை மங்கலில் அதன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, குறுக்காக அசையுங்கள். மீனை நோக்கிக் கொண்டுபோகாதீர்கள், இரை தப்பி ஓடத்தான் வேண்டும். ஐந்து நிமிடத்தில் பாயாவிட்டால் எடுத்துவிட்டு மறுநாள் முயலுங்கள். பழகியபின் இறால், கணவாய், வெள்ளை மீன் சதை என்று மாற்றி மாற்றி, வாரம் மூன்று தடவை போதும்.

கையால் ஊட்டாதீர்கள். அதன் நச்சு முள் குத்திவிட்டால் தாங்கும் சூட்டில், சுமார் 40–45 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வெந்நீரின் சூட்டை மற்றொருவர் கை வைத்துப் பார்க்கட்டும், வலியில் உங்களுக்குச் சூடு தெரியாது.

கேள்வி: கடையில் செவ்ரான் பட்டர்ஃப்ளை மலிவாக வந்திருக்கிறது. மட்டி முறையில் பழக்கிவிடலாமா?
– வாசகர், புதுச்சேரி

வாங்காதீர்கள். செவ்ரான், ஆர்னேட், மேயர்ஸ் ஆகிய பட்டர்ஃப்ளை மீன்களும் ஆரஞ்சுப் புள்ளி ஃபைல்ஃபிஷும் உயிருள்ள பவளத்தின் பாலிப்புகளை (பவளத்தை உருவாக்கும் சிறு உயிர்கள்) தின்று வாழ்பவை. பழக்கியவர்கள் மிகச் சிலர், பட்டினியால் செத்தவை மிகப் பல. பட்டர்ஃப்ளைதான் வேண்டுமென்றால் ஆரிகா அல்லது ராக்கூன் இனம் தேடுங்கள். கடைக்காரரை உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லி, தின்பதைப் பார்த்தபின் முன்பணம் கொடுத்து ஒரு வாரம் அங்கேயே விட்டுவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலக்காதீர்கள். மூடிய பையில் கரியமில வாயு பிஹெச்சை (அமில–கார அளவு) குறைத்து அம்மோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி அதே அம்மோனியா செவுளைச் சுடும். மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பையைத் திறந்ததும் உப்புத்தன்மையை அளந்து, தனித்தொட்டியின் நீர் அதற்கு ஒத்திருந்தால் மீனை மட்டும் உடனே மாற்றுங்கள்.

இது உங்கள் முதல் கடல்நீர்த் தொட்டி என்றால் கிளவுன் மீனில் தொடங்குங்கள். அதைச் செயற்கையாகப் பொரித்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பண்ணையில் வளர்ந்த குஞ்சு, பெல்லட் தின்றே பழகியிருக்கும். யாராவது கடற்குதிரை தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, வீட்டில் வைத்திருப்பது குற்றம்.