பெரிய கடனிலிருந்து மீண்டு வரும்போது சொந்தச் செலவுகளை எப்படிக் குறைத்தீர்கள்?

டீயை நிறுத்து, மாசம் ஆயிரம் மிச்சம் என்று எனக்கும் நாலு பேர் சொன்னார்கள். நிறுத்தியும் பார்த்தேன். மூன்று வாரம் தாங்கினேன். அந்த மூன்று வாரத்தில் என் கிரெடிட் கார்டுக்கு ஏறிய வட்டி ஆறாயிரத்துக்கு மேல். அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு டீ சொன்னேன். இன்று வரை விடவில்லை.

நான் எப்படி மாட்டினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவன், 2018-ல் ஒரு நண்பனோடு சேர்ந்து சின்னதாக பேக்கரி போட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆகஸ்ட் வரை தவணை கட்டாமல் இருக்கலாம் என்று சலுகை கொடுத்தார்களே, அதை நானும் வாங்கிக்கொண்டேன். தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. அசலோடு சேர்ந்துகொண்டது. அடுத்த வருஷம் அடுப்பு, ஷோகேஸ் எல்லாவற்றையும் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பினேன். சம்பளம் 34,000.

2021 ஜூனில் ஒருநாள் இரவு, பிள்ளை தூங்கிய பிறகு, அவளுடைய பழைய நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். பர்சனல் லோன் 4.2 லட்சம். இரண்டு கார்டிலும் சேர்த்து 2.3 லட்சம். மூணு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு, வாங்கியது 2 லட்சம். எட்டுப் பவுன் அடகில் 2.1 லட்சம். ஒரு லோன் ஆப்பில் 40,000. மொத்தம் 11 லட்சம். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன், என் கணக்கை ஒரே தாளில் எழுதிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கார்டு வரியைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் 3.5 சதவீத வட்டி, அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2.3 லட்சத்துக்கு வட்டி 8,050, வரி 1,449, ஆக மொத்தம் 9,499. நான் கட்டிக்கொண்டிருந்த மினிமம் டியூ, அதாவது மாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை, 11,500. அதில் அசலுக்குப் போனது இரண்டாயிரம் ரூபாய். இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பழைய பாக்கி நிற்கும்போது அதே கார்டில் புதிதாக எதை வாங்கினாலும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லை என்பதெல்லாம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு. நானோ மளிகைச் சாமானையே கார்டில் வாங்கிக்கொண்டிருந்தேன். அதாவது துவரம்பருப்புக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் செலவைக் குறைப்பதற்கு முன்னால் செய்த வேலை வேறு. வீட்டில் மீதி இருந்த ஏழு பவுனை விற்றோம். அடகு வைக்கவில்லை, விற்றோம். அப்போது பவுன் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். கடைக்காரர் கழித்தது போக வந்த பணத்தில் இரண்டு கார்டையும் அடைத்து, கணக்கை மூடியதற்குக் கடிதம் வாங்கி, கார்டை வெட்டிப் போட்டேன். இன்றைக்குத் தங்கம் விற்கிற விலையைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. என் மனைவி அதைச் சொல்லிக் காட்டுவதும் உண்டு. ஆனால் வருஷத்துக்கு 42 சதவீத வட்டியில் அந்தக் கார்டு பாக்கி இன்றுவரை ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

சரி, இனி கேள்விக்கு வருகிறேன். சொந்தச் செலவு.

ஒரு வருஷத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வரிவரியாகப் பிரித்தபோது ஒன்று புரிந்தது. எனக்கென்று நான் செய்துகொண்ட செலவு சொற்பம். இரண்டு சட்டை, பெட்ரோல், டீ, வாரம் ஒருநாள் பரோட்டா. பெரிய தொகைகள் எல்லாம் அடுத்தவர் கண்ணுக்காகச் செய்தவை. சித்தப்பா வீட்டுப் பால்காய்ச்சலுக்கு ஐயாயிரம் மொய். மச்சினி வளைகாப்புக்குப் பட்டு. அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றதற்கு என் பங்காக ரெண்டாயிரம். எல்லாம் சேர்ந்து அந்த ஒரு வருஷத்தில் 96,000 ரூபாய். அதிலும் பெரும்பகுதி கார்டில்.

ஏன் செய்தேன்? நான் கடனில் இருப்பது யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும், கடன் இல்லாதவன் மாதிரியே செய்தாக வேண்டும். அந்த வேஷத்துக்கு ஆகும் செலவுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. வெளியில் சொல்லாமல் இதைக் குறைக்க வழியே இல்லை என்பது என் அனுபவம். "இப்போது கை கொஞ்சம் டைட்" என்று மழுப்பினால் போதாது. தொகையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்தச் சோதனை 2022-ல் வந்தது. தங்கை மகனுக்கு அழகர்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறார்கள். நான்தான் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் மேளத்தோடு தட்டு தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஐம்பத்தொரு தட்டு, பிள்ளைக்கு அரைப்பவுனில் தோடு, ஒரு செயின், தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் துணிமணி, கெடா வெட்டில் பங்கு. என் கணக்குக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்தது. மூணு வட்டிக்காரரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். அதுதான் பயமாக இருந்தது.

மேலூரில் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தொகையைச் சொன்னேன். எதில் எவ்வளவு, மாதம் எவ்வளவு போகிறது, எல்லாம். அவள் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. ஒரு கட்டு முடிந்து இரண்டாவது கட்டைப் பிரித்த பிறகுதான் பேசினாள்.

"ரெண்டு வருசமா ஏண்ணே சொல்லல? போன தீபாவளிக்கு எனக்குச் சீலை வேற எடுத்துக் குடுத்த."

"குடுக்கலன்னா கேப்பியே."

"கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பேல்ல."

சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் அவளே விஷயத்தைச் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "மச்சான், மடியில உக்கார வச்சுக் காது குத்துறதுக்குத்தான் தாய்மாமன். தட்டு தூக்க ஆள் கிடைக்கும்" என்றார்.

விசேஷத்தன்று ஏழு தட்டு கொண்டு போனோம். தேங்காய், பழம், பூ, வெல்லம், வளையல், பிள்ளைக்குத் துணி, ஒரு கிராமில் தோடு. மேளம் இல்லை. தங்கையின் மாமியார் தட்டுகளை ஒருமுறை எண்ணினார். சம்பந்தி வீட்டு ஆட்கள் உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை எண்ணினார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பிள்ளை என் மடியில் உட்கார்ந்து கத்திய கத்தலில் அதுவும் மறந்துபோயிற்று. அன்றைக்கு மட்டும் எனக்கு மிச்சம் ஒரு லட்சத்துக்கு மேல். டீயை நிறுத்தினால் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும் அதைச் சேர்க்க.

அதற்குப் பிறகு மற்றவை சுலபமாகிவிட்டன. எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டோம். நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது, அதுவும் கடன் மாதிரிதான். ஆனால் ஐநூறு செய்தவருக்கு ஆயிரமாக ஏற்றித் திருப்புகிற பழக்கத்தை விட்டோம். ஐநூறுக்கு ஐநூறு. நோட்டில் பெயர் இல்லாதவர் பத்திரிகை வைத்தால் நேரில் போய் வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டு வந்தோம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்தே கடனை அடைக்கிறவர்கள் உண்டு. என்னையும் வைக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை. இருந்தாலும் நான் செய்திருக்க மாட்டேன், அதுவும் பின்னால் திருப்ப வேண்டிய பணம்தானே.

வீட்டுச் செலவைக் குறைத்தது பெரும்பாலும் என் மனைவிதான். ரேஷன் அரிசியை அதுவரை பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிடுவோம். அதை இட்லிக்குப் போட ஆரம்பித்தாள். ரேஷன் கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியில் அப்போது பருப்பு நூறைத் தாண்டிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தி அண்ணாச்சி கடையில் துண்டுச் சீட்டு கொடுத்து வாங்கினோம். இது விலைக்காக இல்லை. தள்ளுவண்டியைக் கையில் கொடுத்தால் நான் அதை நிரப்பிவிடுவேன். அவள் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போகலாம் என்று 2021-லேயே வந்துவிட்டது. தைக்கக் கொடுக்கும் துணிகளை வாங்கப் போவதெல்லாம் வெள்ளை போர்டு பஸ்ஸில்தான். ஜாக்கெட் தைத்து மாதம் ஆறேழாயிரம் அவள் கொண்டுவந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதினேன். வரவைக் கூட்டாமல் செலவை மட்டும் குறைத்து 11 லட்சத்தை அடைத்திருக்க முடியாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கரண்ட் பில்லில் ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. 101-லிருந்து 200 வரைக்கும் இருக்கும் சலுகை விலையும் போய்விடும். ஒரு யூனிட் தாண்டினாலே இருநூறு ரூபாய்க்கு மேல் அடி. அதனால் ஐம்பதாவது நாள் மீட்டரைப் பார்த்து எழுதிவைப்பேன். அன்றைக்கு 460 காட்டினால் அடுத்த பத்து நாளைக்கு ஏசி கிடையாது.

ஜிபேயைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். வாரச் செலவுக்கு 1,500 ரூபாயை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்போம். வெள்ளிக்கிழமை பாட்டில் காலியாகிவிட்டால் சனிக்கிழமை ரசம்தான். நோட்டைக் கையால் எண்ணிக் கொடுக்கும்போது வருகிற சின்ன வலி, போனைக் காட்டிக் கட்டும்போது வருவதில்லை.

பிள்ளையைத் தனியார் பள்ளியிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினோம். நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனாலும் பழைய தோழிகளைப் பார்த்தால் அவள் வேறு பக்கம் திரும்பி நடந்த நாட்கள் உண்டு. இதில் எனக்கு இன்றும் முழு சமாதானம் இல்லை.

தப்பாக வெட்டியது ஒன்று. மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கவில்லை. வருஷம் பதினான்காயிரம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். 2022 நவம்பரில் நள்ளிரவு வயிற்று வலி, குடல்வால். ஒரு தனியார் மருத்துவமனையில் பில் 68,000. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், அந்த நேரத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பணத்தை மறுபடி வட்டிக்குத்தான் வாங்கினோம். எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

லோன் ஆப் கடன் இருந்தால் தொகை சின்னது என்று தள்ளிப்போடாமல் முதலில் அதை முடித்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், மூன்று மாதத்தில். என் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் கூப்பிடுவோம் என்று மிரட்டினார்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது. அழைப்பைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு அதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆப்புக்குப் பிறகு மூணு வட்டி, அதன் பிறகு நகை. லோன் தவணை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கார்டுக்குப் போன 11,500-ஐ வீட்டுச் செலவில் கலக்கவிடாமல் அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்பினோம். ஒன்று முடிந்ததும் அதற்குப் போன பணம் அடுத்ததற்கு. கடைசியாக 2025 பிப்ரவரியில் அந்த எட்டுப் பவுனை மீட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒரு தோட்டின் திருகாணியைக் காணோம் என்றாள். மறுநாள் அதே அடகுக் கடைக்குப் போய்க் கவரை உதறித் தேடி எடுத்து வந்தேன்.

வருகிற தை மாதம் தங்கையின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. போன வாரம் போனில் கூப்பிட்டு, "இந்தத் தடவை எத்தனை தட்டுண்ணே?" என்று கேட்டாள். ஏழுதான், உன் மாமியாரை எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளச் சொல் என்றேன்.