சிக்கன் 65ஆ, சில்லி சிக்கனா, பெரட்டலா? 25 பேருக்கு எது சரிப்படும்

பட்டர்வொர்த்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடைல சிக்கன் 65 மொறுமொறுன்னு வருது, இன்னொரு கடைல செவப்பா சாஸோட வருது, அப்ப சில்லி சிக்கனுக்கும் இதுக்கும் என்னதான் வித்தியாசம், சனிக்கிழமை மகன் பொறந்தநாளுக்கு 25 பேர் வர்றாங்க, மதியம் சமைச்சு ராத்திரி பரிமாறணும், எதச் செய்யலாம்னு.

அக்கா, மெனுல இருக்குற பேர நம்பாதீங்க, மசாலா கோழில எப்ப சேருதுன்னு பாருங்க. 65ன்னா பொரிக்கிறதுக்கு முன்னாடியே சேந்துரும். மிளகாத்தூள், இஞ்சி பூண்டு, கொஞ்சம் தயிர், அரிசி மாவு போட்டு பெசறி ஊற வெச்சு பொரிச்சு, மேல கருவேப்பில, அவ்ளோதான். சென்னை மவுண்ட் ரோடு புஹாரி ஓட்டல்ல 1965ல மெனுல வந்துச்சு, அதான் 65ன்னு அந்த ஓட்டல்ல சொல்றாங்க, 65 மிளகா, 65 நாள் கோழின்னு ஆளாளுக்கு விடுற கதைய நான் நம்பல. சாஸோட வர்றது ஹைதராபாத் பக்கத்து பழக்கம், பொரிச்சத தயிர் மிளகா தாளிப்புல ஒரு பெரட்டு பெரட்டுவாங்க.

சில்லி சிக்கன் கொல்கத்தா சீனர்கள் கைவண்ணம். சோள மாவுல பொரிச்சிட்டு அப்புறம்தான் வெங்காயம், குடமிளகா, கிச்சாப் (சோயா சாஸ்) எல்லாம் சேரும், ருசி பூரா வெளிப்பக்கம். கிச்சாப் வாசம் அடிச்சா போர்டுல 65ன்னு போட்டிருந்தாலும் அது சில்லி சிக்கன்தான்! மலாய்க்காரங்க மசாலா போட்டு பொரிக்கிற ஆயாம் கோரேங் பெரெம்பா வேற, அதுல செராய் (எலுமிச்சம்புல்), லெங்குவாஸ் (பேரரத்தை) அரைச்சு போடுவாங்க.

உங்களுக்கு நான் சொல்றது பெரட்டல், அதான் மசாலா கெட்டியா துண்ட சுத்தி ஒட்டியிருக்குற கோழி. 65அ மதியமே பொரிச்சு டப்பால மூடி வெச்சா ஆவில நமத்துப் போயிரும், நானே ஒருதடவ பட்டிருக்கேன், ராத்திரி தொறந்தா ஊறின பக்கோடா மாதிரி கெடந்துச்சு. பெரட்டல்ல மசாலா ஆரம்பத்துல இருந்தே கோழியோட சேந்து வேகுது, நேரம் ஆக ஆக உள்ள எறங்கும்.

எலும்போட 5 கிலோ வாங்குங்க, ஆனா ஒரே குவாலில (வாணலில) கொட்டிடாதீங்க, தண்ணி விட்டு அவிஞ்சு போயிரும், ரெண்டு தடவையா செய்ங்க. பட்ட, சோம்பு தாளிச்சு வெங்காயம் நல்லா செவந்ததும் மசாலாத்தூள தண்ணில கொழைச்சு ஊத்தி எண்ணெய் பிரியிற வரைக்கும் வதக்குங்க, அவசரப்பட்டா பச்ச வாசம் போகாது. அப்புறம் கோழியப் போட்டு மூடுங்க, அதுவே தண்ணி விடும், நீங்க ஊத்த வேணாம். வெந்ததும் மூடியத் தொறந்து கெட்டியா துண்ட சுத்தி ஒட்டுற வரைக்கும் வத்த விடுங்க, இன்னும் வத்துனா அதுதான் வறுவல்.

நம்ம ஊரு சூட்டுல 2 மணி நேரத்துக்கு மேல வெளிய வெக்காதீங்க, அகலமான தட்டுல பரப்பி ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டு, ராத்திரி ஆவி பறக்க சூடு பண்ணுங்க. பசங்க 65 கேட்டு அடம் புடிச்சா 1 கிலோவ மட்டும் மதியம் பெசறி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க, கேக் வெட்டுற நேரத்துல பொரிச்சா போதும்.