கைப்பேசியில் படிக்கலாமே!

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

காரைக்குடியில் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டரை விட்டுவிட்டு, குவாத்தமாலாவில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஸ்பானிய மொழி கற்க விரும்புகிறேன். "கைப்பேசியிலேயே படிக்கலாமே, ஆறு மாதத்தை வீணாக்குவானேன்?" என்கிறார் அப்பச்சி (என் அப்பா). அங்கே தங்கிப் படித்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்.,

போய் வாருங்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஐயாக்கள் (தாத்தாக்கள்), மலாயாவிலும் பர்மாவிலும் கிட்டங்கி எனும் தொழிற்கூடத்தில் பெட்டியடிப் பையன்களாக, அதாவது தொழில் பழகும் சிறுவர்களாக இருந்து, கடன் கேட்டு வந்தவர்களின் பேச்சைக் காதால் வாங்கியே அவ்வூர் மொழிகளைப் பழகினார்கள் என்பதை அப்பச்சிக்கு நினைவூட்டுங்கள். நம் வீட்டு மங்குச் சாமான் (எனாமல், பீங்கான் பாத்திரங்கள்) என்பதில் உள்ள 'மங்கு' மலாய்ச் சொல்தான். அன்று கப்பலேறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இன்று ஒரு மகள் மொழிக்காகவே புறப்படுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரில் காலை நான்கு மணி நேரம் ஆசிரியையும் நானும் மட்டும் எதிரெதிரே அமர்ந்து படிப்போம். அந்த முறைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஆனால் மொழி நாவில் படிந்தது, தங்கியிருந்த வீட்டின் அடுப்படியில்தான். 'இரு' என்பதற்கு ஸ்பானியத்தில் இரண்டு வினைகள்: இயல்பைச் சொல்ல 'செர்' ('நான்' என்றால் 'சோய்'), அப்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தார்' ('நான்' என்றால் 'எஸ்தோய்'). இதைப் பலமுறை படித்திருந்தும், ஒரு நாள் சந்தைக்குக் கிளம்புகையில் 'சோய் லிஸ்தா' என்றேன். தயாராகிவிட்டேன் என்று சொல்ல நினைத்தது, நான் கெட்டிக்காரி என்று பொருள்பட்டுவிட்டது. மக்காச்சோள மாவை உள்ளங்கைகளுக்கிடையே தட்டி ரொட்டியாக்கிக்கொண்டிருந்த வீட்டு அம்மாள், கை ஓயாமலே 'எஸ்தோய், எஸ்தோய்' என்று திருத்தினார். அந்தத் தட்டும் ஓசையோடு சேர்ந்தே அச்சொல் இன்றும் எனக்கு நினைவில் வருகிறது.

தொடக்க நிலையான ஏ1 பாடங்களை இங்கேயே முடித்துவிடுங்கள். எண்களும் கிழமைகளும் கற்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசும் மாணவர்கள் கூடித் தங்கும் விடுதி வேண்டாம். ஆங்கிலம் அறியாத குடும்பம்தான் வேண்டும் என்று பள்ளியிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். அங்கே நெருங்கியவர் 'வோஸ்', பெரியவர் 'உஸ்தேத்'. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த நமக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். முதல் சில வாரங்கள் வாயடைத்துப் போனதுபோல் இருக்கும், இரவில் அழுகைகூட வரும். அந்த வாரங்களைக் கடந்த பிறகு பேசிப் பழகவே ஆறு மாதம் வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் இடைவெளிக்கான அனுமதியை எழுத்தில் பெற்று, மீண்டும் சேரவேண்டிய செமஸ்டரையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆச்சி